திறக்கும்போது பழைய பக்கங்களை என்ன செய்வது?

நெட்வொர்க் வழியாக மவுன்ட் செய்த ஒரு கோப்பை ஒருமுறை படித்து முடித்துவிட்டீர்கள். அதன் உள்ளடக்கம் உங்கள் மெஷினில், கெர்னலின் (இயக்க முறைமையின் மையப் பகுதி) பேஜ் கேஷில், அதாவது படித்ததைப் பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தில், அப்படியே கிடக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு புரோகிராம் அதே கோப்பைத் திறக்கிறது. கையில் இருக்கும் பழைய பக்கங்களையே எடுத்துக் கொடுத்துவிடலாமா, இல்லை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு சர்வரிடம் புதிதாக வாங்க வேண்டுமா? என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) போன்ற ஒரு நெட்வொர்க் ஃபைல்சிஸ்டம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதன் குணத்தில் முக்கால்வாசி தெரிந்த மாதிரிதான். இதைத் தெரிந்துகொள்ளாமலே, "என்எஃப்எஸ் என்றால் அப்படித்தான், சில நேரம் பழசு காட்டும்" என்று தலையெழுத்து மாதிரி ஏற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அது தலையெழுத்தெல்லாம் கிடையாது. எப்போது பழசு காட்டலாம், எப்போது காட்டவே கூடாது என்று தெளிவான உடன்பாடு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்து எழுதிய புரோகிராம் என்எஃப்எஸ் மேல் ஒழுங்காக ஓடும்.

லோக்கல் டிஸ்க்கில் இந்தச் சிக்கலே வராது. அந்த டிஸ்க்கைத் தொடுகிற எல்லா புரோகிராமும் ஒரே கெர்னல் வழியாகத்தான் போகின்றன. யார் எழுதினாலும் அதே பக்கத்தில்தான் எழுதுகிறார்கள், அடுத்தவர் படிக்கும்போது அதே பக்கத்தைத்தான் படிக்கிறார். நெட்வொர்க் வந்ததும் ஒரே கோப்புக்கு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நகல் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நகலில் மாறியது மற்ற நகல்களுக்கு எப்படித் தெரியும்?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களின் நடுவில் என்எஃப்எஸ்ஸை வடிவமைத்தபோது, கிளையன்ட்களைப் பற்றி சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். சர்வர் விழுந்து எழுந்தால் கிளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும், வேலை தொடரும். அந்தக் காலத்து மெஷின்களுக்கும் நெட்வொர்க்குக்கும் இது அருமையான முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வருக்குத் தெரியாது, அதனால் "நீ வைத்திருக்கும் நகல் பழசாகிவிட்டது" என்று யாருக்கும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு படி மேலே போனால், 1989இல் ஆவணமாக வந்த இரண்டாம் பதிப்பிலும் 1995இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் ஓப்பன் என்ற செயலே கிடையாது, குளோஸும் கிடையாது. லுக்கப் இருக்கிறது, ரீட், ரைட் இருக்கிறது, கோப்பின் அளவையும் நேரத்தையும் கேட்கும் கெட்ஆட்டர் இருக்கிறது. உங்கள் புரோகிராம் ஓப்பன் என்று அழைப்பது உங்கள் மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும் விஷயம். சர்வர் அதைக் கேள்விப்படுவதே இல்லை.

ஆக, கேஷ் சரியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு முழுவதும் கிளையன்ட் தலையில். கிளையன்ட்கள் தங்களுக்குள் கடைப்பிடிக்கும் ஏற்பாட்டுக்கு குளோஸ்-டு-ஓப்பன் என்று பெயர். ஒருவர் எழுதி மூடிவிட்டார் என்றால், அதற்குப் பிறகு யார் எங்கிருந்து திறந்தாலும் அந்த எழுத்து தெரிய வேண்டும். இவ்வளவுதான் உடன்பாடு. நடுவில் என்ன தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

லினக்ஸ் கிளையன்ட் இதை எப்படிச் செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோப்பைத் திறக்கும்போது, கேஷில் வைத்திருக்கும் பண்புகள் இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தாலும், அதை நம்பாமல் சர்வரிடம் ஒரு கெட்ஆட்டர் போகும். வந்த பதிலில் இருக்கும் மாற்ற நேரம், அளவு எல்லாவற்றையும் கையில் இருப்பதோடு ஒப்பிடும். எல்லாம் ஒன்றாக இருந்தால் பழைய பக்கங்கள் அப்படியே செல்லும். ஒரு ஜிபி கோப்பாக இருந்தாலும் சின்னதாக ஒரே ஒரு பாக்கெட் போய் வந்ததோடு முடிந்தது, டேட்டா எதுவும் நெட்வொர்க்கில் நகரவே இல்லை. மாறியிருந்தால், பலரும் நினைப்பது போல உடனே பக்கங்களைத் தூக்கி எறிவதில்லை. "இந்தக் கோப்பின் டேட்டா செல்லாது" என்று ஐநோடில் (கோப்பைப் பற்றிய தகவல்களைக் கெர்னல் வைத்திருக்கும் பதிவு) ஒரு குறி மட்டும் வைக்கும். அடுத்த ரீட் வரும்போதுதான் அந்தக் குறியைப் பார்த்துப் பக்கங்களை விடுவிக்கும். திறந்துவிட்டு எதையும் படிக்காமல் மூடுகிற புரோகிராம்கள் ஏராளம், அவற்றுக்காக வீணாக வேலை செய்ய வேண்டியதில்லை.

விடுவிக்கும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. அதே மெஷினில் வேறொரு புரோகிராம் அந்தக் கோப்பில் எழுதி, இன்னும் சர்வருக்குப் போகாத பக்கங்கள் கேஷில் இருக்கலாம். அவற்றையும் சேர்த்து எறிந்துவிட்டால் ஒருவருடைய டேட்டா காணாமல் போய்விடும். அதனால் முதலில் எழுதியதையெல்லாம் சர்வருக்குத் தள்ளி, அது முடிந்த பிறகுதான் கேஷைக் காலி செய்கிறது. எம்மேப் செய்து, அதாவது கோப்பைத் தன் நினைவகம் போலவே பார்க்கும்படி இணைத்து, வைத்திருக்கும் பக்கங்களையும் அந்தந்தப் புரோகிராமின் முகவரிவெளியிலிருந்து கழற்றிவிடும். அடுத்த முறை தொடும்போது பேஜ் ஃபால்ட் (பக்கம் இல்லை என்ற சைகை) வந்து புதிய டேட்டா வரும்.

உடன்பாட்டின் மறுபக்கம் குளோஸ். எழுதியவர் மூடும்போது, மிச்சம் இருக்கும் எல்லாப் பக்கங்களும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குளோஸ் திரும்பும். என்எஃப்எஸ்ஸில் குளோஸ் நேரம் எடுப்பதற்கு இதுதான் காரணம். டிஸ்க் நிரம்பிவிட்டது, கோட்டா முடிந்துவிட்டது போன்ற பிழைகள் ரைட்டில் வராமல் குளோஸில் வந்து நிற்பதற்கும் இதுதான் காரணம். குளோஸ் என்ன திருப்பித் தருகிறது என்று பார்க்காமல் விடும் கோட் எழுதாதீர்கள், தயவுசெய்து. லோக்கல் டிஸ்க்கில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் என்எஃப்எஸ்ஸுக்கு வந்ததும் பாதிக் கோப்பை எழுதிவிட்டு "வெற்றி" என்று சொல்வது இப்படித்தான்.

சரி, திறந்தபடியே வைத்திருந்தால்? இரண்டு மெஷின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பைத்தான் புரோகிராம் பதிவுக் (log) கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வினாடிக்கு ஒரு வரி எழுதி ஃப்ளஷ் செய்கிறது, ஆனால் மூடுவதில்லை. இன்னொன்றில், கோப்பின் கடைசியில் சேரும் வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும் டெயில் -எஃப் கட்டளையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வரி வரியாக வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வராது. ரொம்ப நேரம் திரை சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு கட்டு வரிகள் மொத்தமாக வந்து விழும், மறுபடி அமைதி. பைத்தானின் ஃப்ளஷ் டேட்டாவை எழுதும் மெஷினின் கெர்னல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடுகிறது. அங்கே அது அழுக்குப் பக்கமாக, அதாவது இன்னும் சர்வருக்கு அனுப்பாத பக்கமாக, உட்கார்ந்திருக்கும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் 30 வினாடி வயதான பிறகுதான் பின்னணியில் ஓடும் வேலை அதைத் தேடி எடுத்து அனுப்பும். அப்புறம் படிக்கும் மெஷின். கோப்பு மாறினால் சொல்லும் கெர்னல் வசதியான இனோட்டிஃபை, இன்னொரு மெஷினில் நடந்த மாற்றத்தைச் சொல்லாது என்பதால் டெயில் வினாடிக்கு ஒருமுறை எஃப்ஸ்டாட் (கோப்பின் பண்புகளைக் கேட்கும் அழைப்பு) செய்து அளவு கூடியதா என்று பார்க்கிறது. அந்த எஃப்ஸ்டாட்டுக்குப் பதில் சொல்வது சர்வர் அல்ல, உள்ளூரில் இருக்கும் பண்புக் கேஷ். சாதாரணக் கோப்புகளுக்கு அதன் ஆயுள் குறைந்தது 3 வினாடி, கோப்பு மாறாமல் இருக்க இருக்க ஏறிக்கொண்டே போய் அதிகபட்சம் 60 வினாடி. இரண்டு தாமதங்களும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்த்த அமைதி.

இங்கே யாரும் உடன்பாட்டை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியவர் மூடவில்லை, படித்தவர் மறுபடி திறக்கவில்லை. எழுதும் மெஷினில் எஃப்சிங்க் (எழுதியதை உடனே அனுப்பச் சொல்லும் அழைப்பு) செய்து, படிக்கும் மெஷினில் மூடித் திறந்தால் உடனே தெரியும். புரோகிராமை மாற்ற முடிகிற இடத்தில் இதைச் செய்வதுதான் சரி. கோப்பின் மேல் லாக் (பூட்டு) எடுப்பதும் உதவும். லாக் கிடைக்கும்போது கிளையன்ட் கேஷைச் சரிபார்க்கும், லாக்கை விடும்போது எழுதியதை அனுப்பிவிடும். திறப்பு, மூடல் மாதிரி அதுவும் ஒரு சந்திப்புப் புள்ளி.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் பகுதி, "மாறியதா" என்று கண்டுபிடிக்கும் அந்த ஒப்பீடு. மூன்றாம் பதிப்பில் கிளையன்டுக்குக் கிடைப்பது நேரமும் அளவும் மட்டும். ஒரு கோப்பில் ஒரே ஒரு எழுத்து, 0 அல்லது 1, அதாவது வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்லும் நிலைக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். எழுதுபவர் 0 என்று எழுதுகிறார், நீங்கள் திறந்து படிக்கிறீர்கள், உடனே அவர் அதை 1 ஆக்குகிறார். அளவு மாறவில்லை. இரண்டு முறை எழுதியதும் கடிகாரத்தின் ஒரே துடிப்புக்குள் நடந்திருந்தால் மாற்ற நேரமும் மாறவில்லை. இதற்குப் பிறகு நீங்கள் எத்தனை முறை மூடித் திறந்தாலும் கிளையன்ட் ஒழுங்காகக் கேட்கும், சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லும், இரண்டும் பொருந்தும், உங்களுக்கு 0 தான் கிடைக்கும். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் தாமதமல்ல இது. யாராவது மறுபடி அந்தக் கோப்பைத் தொடும் வரைக்கும், இல்லையென்றால் நினைவகப் பற்றாக்குறையில் அந்தப் பக்கம் வெளியேறும் வரைக்கும், பழசுதான்.

சர்வரின் டிஸ்க்கில் இஎக்ஸ்டி3 ஃபைல்சிஸ்டம் இருந்த காலத்தில் நேரத்தை முழு வினாடிகளில்தான் சேமிக்க முடியும், அதனால் இந்த ஜன்னல் ஒரு வினாடி அகலம். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் நானோ வினாடி வரை இடம் இருக்கிறது, அதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் கெர்னல் அந்த நேரத்தை எடுத்தது டிக்குக்கு (கெர்னலின் கடிகாரத் துடிப்பு) ஒருமுறை நகரும் கடிகாரத்திலிருந்து. வினாடிக்கு 250 டிக் ஓடும் கெர்னலில் அது 4 மில்லி வினாடி. இன்றைய சர்வர் 4 மில்லி வினாடியில் எத்தனை முறை எழுதி முடித்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். நான்காம் பதிப்பு இதற்காகவே சேஞ்ச் என்ற தனிப் பண்பைக் கொண்டுவந்தது. கோப்பு மாறினால் அந்த எண் மாறியே ஆக வேண்டும், நேரத்தோடு அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வரில் உள்ள ஃபைல்சிஸ்டம் அப்படி ஒரு எண்ணியை வைத்திருக்காவிட்டால் லினக்ஸ் சர்வர் அதே மாற்ற நேரத்திலிருந்துதான் அந்த எண்ணைச் செய்துகொண்டிருந்தது, ஆக சுற்றிச் சுற்றி அதே இடம்.

2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13இல் இதற்கு வந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா மாற்றத்துக்கும் நுண்ணிய நேரம் குறித்தால் செலவு அதிகம், ஐநோடை ஓயாமல் எழுத வேண்டிவரும். அதனால், கடைசியாகக் குறித்த நேரத்தை யாராவது கேட்டுப் பார்த்திருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்துக்கு நுண்ணிய நேரம், யாரும் கேட்கவில்லையென்றால் பழையபடி டிக் நேரம். யாரும் பார்க்காத இரண்டு மாற்றங்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவை என்ன? இல்லையே. பல வருடங்கள் இழுத்த ஒரு தலைவலி இவ்வளவு எளிமையான கவனிப்பில் தீர்கிறது. எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் எல்லாம் இதைப் பயன்படுத்துகின்றன.

இன்னொரு நுணுக்கம், மாற்றியது நானேதான் என்றால்? கம்பைலர் ஒரு ஆப்ஜெக்ட் கோப்பை எழுதி மூடுகிறது, அடுத்த நொடி அதே மெஷினில் லிங்கர் அதைத் திறக்கிறது. சர்வரில் மாற்ற நேரம் நகர்ந்திருக்கும், ஏனென்றால் நாம் எழுதினோம். இதை வேறு யாரோ மாற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு கேஷை எறிந்தால், இப்போதுதான் அனுப்பிய டேட்டாவை மறுபடி இறக்க வேண்டும். மூன்றாம் பதிப்பில் இதற்கு ஒரு நல்ல வழி செய்தார்கள். ரைட்டுக்கு வரும் பதிலில், இந்த எழுத்துக்கு முன் கோப்பின் நேரமும் அளவும் என்ன, பின் என்ன என்று இரண்டையும் சர்வர் அனுப்பலாம். "முன்" என்பது என்னிடம் இருப்பதோடு பொருந்தினால் நடுவில் யாரும் நுழையவில்லை என்று அர்த்தம், கேஷை வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். நான்காம் பதிப்பில் இந்த முன்-பின் தகவல் அடைவுகளில் செய்யும் மாற்றங்களுக்கு மட்டும்தான் வருகிறது, எனக்கு அது ஒரு இழப்பாகவே படுகிறது.

என்எஃப்எஸ் வந்த அதே காலத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வேறு பாதையில் போனார்கள். ஆண்ட்ரூ ஃபைல்சிஸ்டம், சுருக்கமாக ஏஎஃப்எஸ். சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்தியநாராயணன் அந்தக் குழுவின் முக்கியமானவர்களில் ஒருவர். திறக்கும்போது கோப்பு முழுவதையும் உள்ளூர் டிஸ்க்குக்குக் கொண்டுவந்துவிடுவது, மூடும்போது மாறியிருந்தால் முழுதாகத் திருப்பி அனுப்புவது. முதல் வடிவத்தில் ஒவ்வொரு திறப்பின்போதும் "என் நகல் செல்லுமா" என்று சர்வரைக் கேட்டார்கள். அளந்து பார்த்தபோது சர்வருக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரே கேள்விதான், அதற்குப் பெரும்பாலும் "செல்லும்" என்றுதான் பதில். அதனால் அடுத்த வடிவத்தில் தலைகீழாக மாற்றினார்கள்: நகல் கொடுக்கும்போதே "மாறினால் நானே சொல்கிறேன்" என்று சர்வர் வாக்குக் கொடுக்கும். கால்பேக் என்று பெயர். அந்த வாக்கு உயிரோடு இருக்கும்வரை திறப்பதற்கு நெட்வொர்க் பக்கமே போக வேண்டாம். 1988இல் வந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையை இன்றைக்குப் படித்தாலும் அலுக்காது. அதே வருடம் பெர்க்லியிலிருந்து ஸ்ப்ரைட் பற்றிய கட்டுரையும் வந்தது. அங்கே ஒவ்வொரு திறப்பும் சர்வருக்குத் தெரியும். ஒருவர் எழுதத் திறந்திருக்கும்போது இன்னொரு மெஷினும் திறந்தால், அந்தக் கோப்புக்கு எல்லாருடைய கேஷையும் சர்வர் நிறுத்திவிடும். சரியான டேட்டா எப்போதும் கிடைக்கும், அந்தக் கோப்பு மட்டும் மெதுவாகும்.

என்எஃப்எஸ் 2000இல் நான்காம் பதிப்போடு இந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தது. ஓப்பன் நெறிமுறைக்குள் நுழைந்தது, அதற்குப் பதில் சொல்லும்போது சர்வர் விரும்பினால் ஒரு டெலிகேஷனும், அதாவது இந்தக் கோப்பு இப்போதைக்கு உன் பொறுப்பு என்ற அனுமதியும், கொடுக்கலாம். அது கையில் இருக்கும்வரை மறுபடி மறுபடி திறந்தாலும் கேள்வி கிடையாது. வேறு யாராவது முரணாகத் திறக்க வந்தால் சர்வர் அதைத் திருப்பிக் கேட்கும். 4.0இல் அப்படித் திருப்பிக் கேட்க சர்வர் கிளையன்டை நோக்கித் தனியாக ஒரு இணைப்பு தொடங்க வேண்டும், நடுவில் ஃபயர்வாலோ முகவரி மாற்றும் நாட் (NAT) ரவுட்டரோ இருந்தால் அது நடக்காது, டெலிகேஷனே கிடைக்காது. 4.1இல் கிளையன்ட் தொடங்கிய இணைப்பிலேயே எதிர்த்திசையில் கேட்கலாம். இன்னும் 4.0இல் மவுன்ட் செய்துகொண்டிருப்பவர்கள் மாற வேண்டியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இப்போது மவுன்ட் ஆப்ஷன்கள். பழைய டேட்டா தெரிகிறது என்று புகார் வந்தவுடன் நோஏசி (noac) ஆப்ஷனைப் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு இடத்தில் ஒரே ஒரு நிலைக் கோப்புக்காக, எல்லாருடைய ஹோம் அடைவும் இருக்கும் மவுன்டில் அதைப் போட்டிருந்தார்கள். அடைவில் உள்ளவற்றைப் பண்புகளோடு பட்டியலிட ஒரு எல்எஸ் மைனஸ் எல் அடித்தால் காபி குடித்துவிட்டு வரலாம். நோஏசி பண்புக் கேஷை நிறுத்துவதோடு நிற்காது, எழுத்துகளையும் ஒவ்வொன்றாக சர்வர் வரை போய்வரச் செய்துவிடும். எல்லாரும் எல்லா நேரமும் தண்டம் கட்டுகிறார்கள். அதே நேரத்தில் டிக் பிரச்சினைக்கு இது மருந்தே இல்லை, கேட்டால் அதே நேரம்தான் பதிலாக வரப்போகிறது. புதிதாக உருவான கோப்பு இன்னொரு மெஷினில் "இல்லை" என்று வருவதுதான் புகார் என்றால், அது டேட்டாவைப் பற்றியதே அல்ல, "இல்லை" என்ற பதிலையும் கிளையன்ட் கேஷ் செய்வதால் வருவது. லுக்கப்கேஷ் என்ற ஆப்ஷனைப் பாசிட்டிவ் என்று வைத்தால் அது மட்டும் சரியாகும்.

நோசிடிஓ (nocto) ஆப்ஷன் எதிர்ப்பக்கம் போகிறது, திறக்கும்போது கேட்கும் கேள்வியையே நிறுத்துகிறது. யாரும் எழுதாத, படிக்க மட்டும் பகிர்ந்த மென்பொருள் மரம் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறக்கும் புரோகிராம்களில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். எழுதும் இடத்தில் போட்டால் இந்த உடன்பாட்டையே கிழித்துப் போட்ட மாதிரி.

சொந்தமாக ஃபியூஸ் (கெர்னலுக்கு வெளியே சாதாரணப் புரோகிராமாக ஃபைல்சிஸ்டம் எழுத உதவும் வசதி) ஃபைல்சிஸ்டம் எழுதுகிறவர்களுக்கு இந்த முடிவு நேரடியாகக் கைக்கு வருகிறது. ஓப்பனுக்கு நீங்கள் சும்மா பதில் சொன்னால் கெர்னல் அந்தக் கோப்பின் பேஜ் கேஷை ஒவ்வொரு திறப்பிலும் காலி செய்துவிடும். மாறியதா என்று அதற்குத் தெரியாது, அதனால் பாதுகாப்பான பக்கம் சாய்கிறது. சரியான டேட்டா கிடைக்கும், ஆனால் ஒரு பெரிய புராஜெக்டைக் கம்பைல் செய்தால் அதே ஹெடர் கோப்புகள் திரும்பத் திரும்ப உங்கள் புரோகிராம் வழியாக ஓடும். "கேஷை வைத்துக்கொள்" என்ற கொடியை ஓப்பன் பதிலில் வைத்தால் பழைய பக்கங்கள் தங்கும், ஆனால் அந்த நொடியிலிருந்து பொறுப்பு உங்களுடையது. உங்கள் ஃபைல்சிஸ்டத்துக்குப் பின்னால் இருக்கும் சர்வர் கோப்புக்குப் பதிப்பு எண் கொடுத்தால், போன முறை திறந்தபோது இருந்த எண்ணை ஐநோடுக்கு ஐநோடு குறித்து வைத்து, அது மாறாதபோது மட்டும் அந்தக் கொடியை வையுங்கள். ஃபியூஸின் நூலகமான லிப்ஃபியூஸில் ஆட்டோ_கேஷ் என்ற ஆப்ஷன் இதையே நேரத்தையும் அளவையும் வைத்துச் செய்கிறது, மேலே சொன்ன டிக் பலவீனத்தோடு சேர்த்து. சர்வர் மாற்றங்களைத் தானாகச் சொல்லுமென்றால் ஐநோடைச் செல்லாததாக்கும் அறிவிப்பைக் கெர்னலுக்கு அனுப்பலாம், திறந்தே வைத்திருப்பவர்களுக்கும் அடுத்த ரீடில் புதிது கிடைக்கும். ஆனால் அந்த அறிவிப்பை அதே கோப்புக்கான ரீட், ரைட் கோரிக்கையைக் கையாளும் த்ரெடிலிருந்து அனுப்பாதீர்கள். கெர்னல் அந்தப் பக்கத்தின் பூட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும், நீங்கள் அதே பூட்டுக்காகக் காத்திருப்பீர்கள். அறிவிப்புகளுக்கென்று தனியாக ஒரு த்ரெட் வைத்துவிடுங்கள்.